மல்லாக்க விழுந்தவர்: பெயர் தெரிய 28 மாதங்கள் எடுத்த ஒரு நோய்

நான் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியில் ஒரு சின்ன டிஸ்பென்சரி நடத்துகிற குடும்ப வைத்தியன். இது என்னிடம் பல வருடங்களாக வந்துபோகும் ஒரு தோட்டக்காரரின் கதை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் சம்மதித்ததால் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் போன பாதையையும் நாங்கள் விட்ட பிழைகளையும் மாற்றவில்லை. அந்தப் பிழைகளில் முதலாவது என்னுடையது.

அவருக்கு அப்போது 63 வயது. வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். கொஞ்சம் பிரஷர் உண்டு, நீரிழிவு இல்லை, குடி இல்லை, வெற்றிலை மட்டும். ஒரு நாள் விடிய, கிணற்றடியில் வாளியோடு திரும்பியவர் மல்லாக்க விழுந்தார். பின்மண்டை கிணற்றுக் கட்டில் அடிபட்டுப் பிளந்துவிட்டது. ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். ஐந்து தையல் போட்டேன்.

"பாசி வழுக்கியிருக்கும்" என்றேன்.

அவர் மனைவி உடனே மறுத்தார். "பாசி இல்லை டொக்டர். முந்தநாள்தான் நான் உரஞ்சிக் கழுவினனான். கால் தடக்குப்படவும் இல்லை. சும்மா நிண்டவர், பின்னாலை சரிஞ்சு போனார்."

அந்த வசனத்தை நான் கேட்டேன். எழுதவில்லை. என் அட்டையில் காயத்தின் நீளமும் தையல் எண்ணிக்கையும் ஏற்பு ஊசி போட்ட விபரமும் இருக்கின்றன. மிச்சத்துக்கு "விழுந்தார்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சொல். எந்தப் பக்கம் விழுந்தார் என்பது அதில் இல்லை.

தலையில் அடி என்பதால் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி சி.டி. ஸ்கான் எடுத்தோம். இரத்தக் கசிவு இல்லை, மூளையில் வயதுக்கேற்ற சுருக்கம் என்று வந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

ஒவ்வொரு வாசலாக

மூன்றாம் மாதம் நல்லூர்த் தேர். வீதி மணலில் நின்று தேரை அண்ணாந்து பார்த்தவர் திரும்பவும் மல்லாக்கப் போனார். தூக்கிவிட்டவர்களில் ஒருவர், "காலங்காத்தாலை போட்டிட்டு வந்திட்டார்" என்றாராம். கொடியேற்றம் தொடங்கி 25 நாளும் வீட்டில் மீன், இறைச்சி தொடவிடாத மனிதர் அவர். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் மனைவிக்குக் குரல் அடைத்தது. அடுத்த வருடம் அவர் கோயில் பக்கம் போகவேயில்லை. மனம் விட்டுப்போச்சு, மகன் கனடாவுக்குப் போன கவலை என்று சொந்தக்காரர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்தாம் மாதம் சைக்கிளை விட்டார். யாழ்ப்பாணத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பெற்றோல் கிடையாத யுத்த காலத்தில் வெங்காய மூட்டைகளைச் சைக்கிளில் கட்டித் இங்குள்ள திருநெல்வேலிச் சந்தைக்கு உழக்கியவர். "பலன்ஸ் வருகுதில்லை" என்று சொல்லி அதைச் சுவரில் சாத்தினார், பிறகு தொடவில்லை.

சைக்கிளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2011 இல் நெதர்லாந்து வைத்தியர்கள் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். அதுவும் சைக்கிள் ஓடுகிற நாடுதானே. நடுக்கமும் அசைவு மந்தமும் வரும் பார்க்கின்சன் நோயுள்ளவர்கள் நடக்கச் சிரமப்பட்டாலும் சைக்கிள் ஓடுகிறார்கள், அவர்களில் 4 வீதம் பேர்தான் ஓடுவதை நிறுத்தியிருந்தார்கள். பார்க்கின்சன் போலத் தோன்றி வேறாக இருக்கும் நோய்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நோயின் தொடக்கத்திலேயே சைக்கிளை விட்டிருந்தார்கள். ஸ்கானும் தேவையில்லை, காசும் தேவையில்லை. "இப்பவும் சைக்கிள் ஓடுறியளா, எப்ப விட்டனீங்கள்?" என்று கேட்டால் போதும். நம் ஊருக்கென்றே செய்துவைத்தது போன்ற கேள்வி. நான் கேட்கவில்லை.

"தலைச்சுத்தோ ஐயா?" என்று கேட்டேன். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டால் வயதானவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அவரும் ஆட்டினார். சினரிசின் எழுதிக் கொடுத்தேன், மூன்று மாதம். இன்று வரை என்னை உறுத்துவது இதுதான். சினரிசின், அசைவுக்கு வேண்டிய மூளை இரசாயனமான டோபமினைத் தடுக்கும் குணமுள்ள மருந்து. அதை நெடுநாள் எடுக்கும் முதியவர்களுக்கு உடல் இறுகி அசைவு மந்தமாகலாம். எட்டாம் மாதம் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போனபோது, காதில் ஒரு பிழையும் இல்லை, இந்த மருந்தை நிறுத்துங்கள் என்று அவர் சரியாகவே சொன்னார். அதன் பிறகு, மந்தம் தெரிந்தபோதெல்லாம் "அது அந்தக் குளிசையின் வேலை, மெதுவாகக் குறையும்" என்று காத்திருந்தோம். உள்ளே வளர்ந்துகொண்டிருந்த நோய்க்கு என் குளிசை மறைப்புக் கட்டியது.

பதினோராம் மாதம் கண். "கீழை வடிவாத் தெரியுதில்லை" என்றுதான் அவர் முறைப்பட்டார். கண்ணில் வெண்புரை இருந்தது. அறுபது தாண்டிய ஒரு தோட்டக்காரர் கண்ணில் அது இல்லாவிட்டால்தான் அதிசயம். சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை வாசித்தார். ஆனால் அட்டை நேர் எதிரே இருப்பது, அவர் முறைப்பாடு கீழே இருப்பதைப் பற்றியது. பார்வை நல்லது, ஆனாலும் தெரியவில்லை என்கிறார், சரி கண்ணாடி போடுவோம் என்று இரட்டை வில்லைக் கண்ணாடி கொடுத்தார்கள். அதில் வாசிக்கும் பகுதி கீழ்ப்பாதியில். அந்தக் கண்ணாடியோடு வீட்டுப் படியில் இரண்டு தடவை விழுந்தார்.

பதினாறாம் மாதம் ஒரு பொது வைத்திய நிபுணரிடம் அனுப்பினேன். முகத்தில் உணர்ச்சி குறைவு, நடை மந்தம், கழுத்து இறுக்கம், பேச்சு தடிப்பு. பார்க்கின்சன் என்று எழுதி, அதற்குரிய லெவோடோபா என்ற மருந்தைத் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடிய ஏழு மணிக்கே வரிசை நிற்கும் கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அவர் முன் இருந்த அறிகுறிகளுக்கு அது நியாயமான பெயர். பிழை, அந்தப் பெயர் அதன் பிறகு கல்வெட்டாகிவிட்டதில் இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை, அளவைக் கூட்டினோம். அப்போதும் வேலை செய்யவில்லை, மேலும் கூட்டினோம். வாந்தி வந்தது, வாந்திக்கு மருந்து கொடுத்தோம். "இது பார்க்கின்சன்தானா?" என்று பதினொரு மாதம் ஒருவரும் கேட்கவில்லை. கனடாவிலிருந்து மகன் கேட்டபோது, "பார்க்கின்சன்தான், மெதுவாகப் போகிற வருத்தம், அவசரப்பட்டு வரத் தேவையில்லை" என்று சொன்னவன் நான்.

சோற்றுக் கோப்பை

இருபத்தேழாம் மாதம் ஒரு பின்னேரம் அவர் மனைவி தனியாக வந்தார். தனக்கு முழங்கால் வலி என்றார். மருந்து எழுதிக்கொண்டிருந்தபோது, கதையோடு கதையாகச் சொன்னார்.

"இவருக்கு இப்ப என்ரை சமையல் பிடிக்கிறேல்லை டொக்டர். கோப்பையிலை தள்ளி இருக்கிற சோத்தைத்தான் சாப்பிடுறார். கிட்ட வச்ச கறியைத் தொடுறதேயில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி அவருக்கு எவ்வளவு விருப்பம்! அப்பிடியே கிடக்கும். கோப்பையைத் திருப்பி வச்சா, முதல் விட்ட கறியைச் சாப்பிடுறார், மற்றதை விடுறார்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். கோப்பையைத் திருப்பினால் விட்டதைச் சாப்பிடுகிறார் என்றால் பிரச்சினை கறியில் இல்லை. கோப்பையின் கிட்டப் பாதி அவர் கண்ணுக்குப் படுவதில்லை.

"நாளைக்கு ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா. எல்லாக் கொப்பியையும் கொண்டு வாங்கோ" என்றேன்.

அடுத்த நாள் ஒரு சீலைப் பை நிறையக் கொண்டுவந்தார். கண் கிளினிக் கொப்பி, வைத்தியக் கிளினிக் கொப்பி, காது மூக்குத் தொண்டைக் கொப்பி, தலைக் காயத்துக்கு ஸ்கான் எடுத்த ஆஸ்பத்திரியின் அட்டை. என் அட்டையையும் எடுத்து எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக விரித்தேன். ஒவ்வொன்றும் தன்னளவில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ஆனால் 27 மாதங்களில் ஒரு தடவைகூட அவை ஒன்றின் பக்கத்தில் ஒன்று திறக்கப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் மாதங்களை எழுதி, மனைவியிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். ஒன்பது விழுகைகள். ஒவ்வொன்றுக்கும் "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். ஒன்பதும் பின்பக்கம்.

பிறகு அவர் தலைமயிரை விலக்கிப் பார்த்தேன். பின்மண்டையில் நாலு தழும்பு. நெற்றியில், மூக்கில், உள்ளங்கையில், முழங்காலில் ஒரு கீறலும் இல்லை. தடக்கி விழுகிறவன் முன்னுக்கு விழுவான், கையை ஊன்றுவான், முழங்கால் உரஞ்சும். இந்த மனிதரின் உடம்பிலேயே நோயின் கதை எழுதியிருந்தது. அதில் முதல் வரியைத் தைத்தது நான்.

மற்றது எல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. கதிரையில் இருந்து எழும்பச் சொன்னேன். முன்னுக்குக் குனியாமல் விருட்டென்று எழும்பி அப்படியே பின்னால் கதிரையில் விழுந்தார். நிற்கும்போது பனை போல நிமிர்ந்து, கழுத்து சற்றுப் பின்னால். பார்க்கின்சன்காரர் குனிந்து சுருங்குவார்கள். கை நடுக்கம் இல்லை, இரண்டு பக்கமும் ஒரேயளவு இறுக்கம். நிமிடத்துக்கு 15, 20 தடவை இமைக்கவேண்டிய கண், 4 தடவை இமைத்தது. பின்னால் நின்று தோளை மெல்ல இழுத்தபோது ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் மரக்குற்றி போல என் கைக்குள் சாய்ந்தார். மூன்று தடவை கைதட்டச் சொன்னேன், ஏழு தடவை தட்டினார்.

கடைசியாகக் கண். விரலை இடமும் வலமும் அசைத்தேன், கண் தொடர்ந்தது. மேலே கொண்டுபோனேன், கொஞ்சம் போனது. கீழே கொண்டுபோனேன், நின்றுவிட்டது. "கீழை பாருங்கோ ஐயா" என்றேன். "பாக்கிறன் தம்பி" என்றார், கண் அசையவேயில்லை. பிறகு எதிரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி, அவர் தலையை என் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மேலே நிமிர்த்தினேன். அப்போது அந்தக் கண்கள் தாமாகவே கீழே இறங்கின. அவரால் இறக்க முடியாத கண்.

மனைவிக்கு அதை இப்படித்தான் விளங்கப்படுத்தினேன்: தண்ணீர் இறைக்கிற மோட்டார் நல்லாய் இருக்கிறது, குழாயும் நல்லாய் இருக்கிறது, மெயின் சுவிட்சில் இருந்து வருகிற வயரில்தான் பழுது. கண்ணின் தசையும் நரம்பும் வேலை செய்கின்றன. "கீழே பார்" என்று மேலேயிருந்து வரும் கட்டளைதான் வந்து சேரவில்லை.

பெயர்

ஒரு மாதத்தில் நரம்பியல் நிபுணர் பார்த்தார். தையல்காரரின் அளவு நாடா ஒன்றை எடுத்து அவர் கண்முன் மேலிருந்து கீழாக ஓடவிட்டார். நல்ல கண் கோடுகளைத் தொடர்ந்து துள்ளித் துள்ளித் திரும்பும். இவருடையது துள்ளவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தைப் பக்கவாட்டில் காட்டினார். நடுமூளை தேய்ந்து மெலிந்து, அதன் கீழேயுள்ள பகுதி பருமன் குறையாமல் இருப்பதால், இரண்டும் சேர்ந்து நீண்ட அலகுள்ள சின்னக் குருவி போலத் தெரியும். நம் முற்றத்துச் செவ்வரத்தம் பூவில் வந்து தேன் குடிக்கிற தேன்சிட்டு மாதிரி. நோய்: புரோகிரசிவ் சுப்பிராநியூக்ளியர் பால்சி, சுருக்கமாக பி.எஸ்.பி. டௌ என்ற புரதம் மூளைக் கலங்களில் திரண்டு, நடுமூளையையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் படிப்படியாக அழிக்கிறது. ஒரு இலட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு இருக்கும். நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. லெவோடோபா பெரும்பாலும் உதவாது, உதவினாலும் கொஞ்சக் காலம்தான்.

இந்த நோயை முதலில் பிரித்து அறிந்த இடம் டொரன்டோ. 1950களில் ரிச்சர்ட்சன் என்ற நரம்பியல் வைத்தியர், தனக்குத் தெரிந்த ஒரு வர்த்தகரிடம் இதைக் கண்டார். 1964 இல் ஸ்டீல், ஒல்செவ்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து 9 நோயாளிகளின் விபரத்தை எழுதினார். அந்த நகரத்தில்தான் இவருடைய மகன் இருக்கிறார்.

தாமதம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியது இல்லை. வசதியுள்ள நாடுகளிலும் முதல் அறிகுறியிலிருந்து பெயர் தெரிய மூன்று, நான்கு வருடம் போவது வழக்கம். பாடகி லிண்டா ரொன்ஸ்டாட் 2013 இல் தனக்குப் பார்க்கின்சன் என்று அறிவித்தார். 2019 இல்தான் அது பி.எஸ்.பி. என்று தெரியவந்தது. நடிகர் டட்லி மூரைப் பார்த்தவர்கள் குடித்திருக்கிறார் என்று பேசினார்கள். 1999 இல் அவர் தனக்கு இதே நோய் என்று வெளியே சொன்னார், 2002 இல் இறந்தார். அந்தப் பேச்சைப் படித்தபோது எனக்கு நல்லூர் வீதி மணல்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் நம்முடைய தாமதத்துக்கு நம்முடைய காரணம் ஒன்றும் இருக்கிறது. அந்த அம்மா முதல் நாளே நோயைச் சொல்லிவிட்டார்: "சும்மா நிண்டவர், பின்னாலை சரிஞ்சு போனார்." பி.எஸ்.பி. பற்றிய பாடநூல் வசனம் இதைவிடத் திருத்தமாக இராது. நாங்கள் தமிழில் கேட்டோம், ஆங்கிலத்தில் ஓரிரு சொல்லில் எழுதினோம். எழுதும்போது திசை போய்விட்டது. "கீழை வடிவாத் தெரியுதில்லை" என்பது கண் கொப்பியில் வெறும் பார்வை மங்கலாகியிருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இங்கே மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு, நோயாளி சொன்ன ஒரு வசனத்தை அவர் சொன்னபடியே ஒரு கொப்பியில் எழுத நமக்கு முடியாமல் போனது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெயர் தெரிந்தபின்

"மருந்து இல்லாத வருத்தத்துக்குப் பெயர் தெரிஞ்சு என்ன டொக்டர்?" என்று மூத்த மகள் கேட்டா. நியாயமான கேள்வி.

மற்றக் கண்ணுக்கும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். நிபுணர்கள் பேசி அதைத் தள்ளிவைத்தார்கள். இரட்டை வில்லைக் கண்ணாடியைக் கழற்றி, வாசிக்க ஒன்றும் தூரத்துக்கு ஒன்றுமாகக் கொடுத்தோம். உயரத்தில் பிடித்தால் பேப்பர் வாசிக்கிறார். லெவோடோபாவைப் படிப்படியாகக் குறைத்ததில் வாந்தி நின்றது, அதனால் நோய் மோசமாகவில்லை. கிணற்றடிக்கு அவரைத் தனியே விடுவதில்லை. நடக்கும் சட்டத்தின் முன்பக்கத்தில் மணல் பை கட்டினோம், பின்னால் சரிவது குறைந்தது. தேத்தண்ணீர் குடிக்கும்போது புரைக்கேறத் தொடங்கியிருந்தது. இந்த நோயில் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோவது சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் வரும் நியூமோனியாதான். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் ஒருவர் வந்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து விழுங்கவும், தண்ணீர்ப் பதமானதைத் தடிப்பாக்கிக் கொடுக்கவும் பழக்கினார்.

கனடாவில் இருந்து ஒரு உறவினர் முள்ளுச் சீத்தா இலையை அவித்துக் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். நல்லவேளை, அம்மா என்னைக் கேட்டா. கரிபியன் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைக் கசாயத்தையும் நெடுநாள் எடுத்தவர்களிடையே இந்த நோயைப் போன்ற நிலை அதிகம் காணப்பட்டதாக 1999 இலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் வேண்டவே வேண்டாம் என்றேன்.

எல்லாவற்றையும் விட, மகன் வந்தார். அடுத்த வருடம் வரலாம் என்றிருந்தவரை நானே தொலைபேசியில் அழைத்து, முன்பு நான் சொன்னது பிழை, இப்போதே வாருங்கள் என்றேன். அறிகுறி தொடங்கியதில் இருந்து சராசரியாக 6 முதல் 9 வருடம் என்பார்கள், ஆனால் பேச்சு அதற்கு வெகு முன்பே போய்விடும். மூன்று கிழமை நின்றார். தகப்பனுக்கு அப்போது சொல் குழறும், ஆனால் விளங்கும். காணி உறுதிகளை எடுத்து எது யாருக்கு என்று அவரே சொன்னார். விழுங்க முடியாமல் போனால் வயிற்றில் குழாய் வைப்பதா என்று அவரிடமே கேட்டோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். இந்த நோயில் பதில் வரத் தாமதிக்கும், காத்திருக்கவேண்டும். பிறகு, "வேண்டாம். வாயாலை ஏலுமட்டும் தாங்கோ" என்றார். ஒரு வருடம் முந்தி இந்தப் பெயர் தெரிந்திருந்தால், மகனோடு தோட்டத்து வரம்பில் நடந்தபடி அவர் இதைச் சொல்லியிருப்பார். அந்த ஒரு வருடத்தை அவரிடமிருந்து எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது 41 ஆவது மாதம். எல்லாக் கிளினிக்குக்கும் ஒரே ஒரு கொப்பிதான், அம்மா தன் கையால் தமிழில் எழுதுகிறா. வைத்தியர்களும் அதிலேயே எழுதுகிறார்கள். கோப்பையை ஒரு பலகைப் பெட்டியின் மேல் நெஞ்சுயரத்துக்கு வைத்த முதல் நாள், அவர் கத்தரிக்காய்ப் பால்கறியை வழித்துச் சாப்பிட்டாராம். அந்த நாளையும் குறித்து வைத்திருக்கிறா. நேற்றைய பக்கத்தில் இருந்தது:

"மத்தியானம் குழைச்ச சோறு, பருப்பு, பூசணிக்காய். 25 நிமிசம். இருமல் இல்லை. பின்னேரம் கட்டிலால் எழும்பேக்கை பின்னாலை சரிஞ்சவர், பிடிச்சிட்டன்."